கையெழுத்து எங்கே?

(ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாவில் பேசியது)



இந்த வாசகசாலையின் ஆண்டு விழாவுக்கு நம்மை அழைத்த தோழர்கள், "எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம், ஆனால் வழக்கமாகப் பேசுவதை மட்டும் பேச வேண்டாம்" என்று ஒரு நிபந்தனை போட்டார்கள். நமக்கும் அது சம்மதமே. இன்று நாம் பேசப் போவது கம்ப்யூட்டர் சம்பந்தமான விஷயம். இதைச் சொன்னவுடனே முன் வரிசையிலுள்ள பெரியவர் ஒருவர் மேல்துண்டைத் தேடுவதைப் பார்க்கின்றோம். தயவு செய்து உட்காருங்கள். நாமும் எட்டாவதுக்கு மேல் பள்ளிக்கூடத்தில் படித்ததில்லை. நமக்கு விளங்கின மட்டும்தான் சொல்லப் போகின்றோம். ஆகையால் உங்களுக்கு விளங்காதது ஒன்றும் அதில் இருக்க முடியாது.

முதலில் சென்ற வருஷம் நமக்கு நேர்ந்த ஒரு சங்கதியைச் சொல்லிவிடுகின்றோம். குழந்தைகளுக்கு அம்மைத் தடுப்பு ஊசி போட வேண்டியதைப் பற்றி ஒரு கிராமத்தில் பேசினோம். கூட வந்த தோழர் ஒருவர் அந்தப் பேச்சை எழுதியெடுத்து, இணையத்தில் நமது பெயரிலுள்ள பக்கத்தில் போட்டார். அதில் "தாய்மார்கள் யாரும் குழந்தைக்கு ஊசி போடாமல் இருக்கக் கூடாது" என்று ஒரு வாக்கியம். மூன்று மாதம் கழித்து வேறு காரியமாக அதே ஊருக்குப் போக நேர்ந்தது. ஊசி போட வந்த நர்சம்மாளை மூன்று வீட்டில் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, அதில் ஒரு வீட்டுக்குப் போய்க் காரணம் கேட்டோம். அந்த வீட்டு அம்மாள் உள்ளே போய் ஒரு செல்போனைக் கொண்டுவந்து நமது முகத்துக்கு நேரே பிடித்தார். நமது படம், நமது பெயர், நமது பேச்சு. ஆனால் அந்த வாக்கியம் மாத்திரம் "தாய்மார்கள் யாரும் குழந்தைக்கு ஊசி போடக் கூடாது" என்றிருந்தது. நடுவில் கொஞ்சம் கத்தரித்திருந்தார்கள், அவ்வளவுதான். மற்ற நூறு வரியையும் தொடவேயில்லை.

"அம்மா, இது நாம் சொன்னதல்ல" என்றோம்.

"உங்க பேச்சு எனக்குத் தெரியாதாங்கய்யா? முன்னாடி உட்கார்ந்து கேட்டவதானே நான். அன்னிக்குச் சொன்ன பழமொழிகூட அப்படியே இருக்குதே!"

"பழமொழி நம்முடையதுதான். ஆனால் அன்றைக்கு ஊசி போடும்படிதானே சொன்னோம்?"

"ஆமாங்கய்யா. அப்புறம் யோசனை பண்ணி மாத்திக்கிட்டீங்கன்னு நினைச்சோம். தப்புன்னு தெரிஞ்சா மாத்திக்கிறதுதான் அறிவுன்னு நீங்கதானே சொல்லுவீங்க? இது நீங்க எழுதலேங்கிறதுக்கு என்ன ஆதாரம்?"

தோழர்களே! இருபது வருஷமாக மேடைக்கு மேடை "என்ன ஆதாரம்? என்ன ஆதாரம்?" என்று கேட்டு வந்த நாம், அந்தத் திண்ணையில் வாயடைத்து உட்கார்ந்திருந்தோம். அந்த அம்மாள் கேட்டதில் என்ன குற்றம்? நம்மிடமிருந்து கற்றுக்கொண்ட கேள்வியையே நம்மிடம் கேட்டார். நம்மிடம் பதில் இல்லை.

இணையத்தில் ஒரு பக்கத்தின் தலையில் ஒருவர் பெயர் இருக்கின்றதென்றால் அதற்கு என்ன அர்த்தம்? அந்தப் பக்கத்தைப் போட்டவனுக்கு அந்தப் பெயரை எழுதத் தெரியும் என்பதுதான் அர்த்தம். படம் இருக்கின்றதென்றால் படம் அவனுக்குக் கிடைத்தது என்று அர்த்தம். வேறு ஒரு வெங்காயமும் இல்லை.

நடையைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாமே என்று படித்தவர்கள் சொல்லுவார்கள். சில சமயம் முடியும். ஐரோப்பாவில், ரோமாபுரிச் சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைன் என்பவர் மேற்கு தேசங்களின் ஆட்சியையே போப்பாண்டவருக்குத் தானமாக எழுதிக் கொடுத்ததாக ஒரு சாசனம் பல நூற்றாண்டு செலாவணியில் இருந்தது. 1440 ல் லோரன்சோ வல்லா என்னும் இத்தாலிய அறிஞர், அந்தச் சாசனத்திலுள்ள லத்தீன் பாஷை கான்ஸ்டன்டைன் காலத்துப் பாஷையே அல்லவென்று வார்த்தை வார்த்தையாக எடுத்துக் காட்டி, அது பொய்ச் சாசனம் என்று நிரூபித்தார். வல்லா வரும்வரை எத்தனை தலைமுறை அதை நம்பியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நமது சங்கதியிலோ அந்த வழியும் இல்லை. பாஷை நம்முடையது, பழமொழி நம்முடையது, தப்புத் தப்பான இலக்கணங்கூட நம்முடையது. எந்த வல்லா வந்து என்ன செய்ய முடியும்?

இன்னும் சிலர், இணையப் பக்கத்தின் விலாசத்துக்கு முன்னால் ஒரு சிறு பூட்டுப் படம் காட்டுவார்களே, அது பந்தோபஸ்து அல்லவா என்று கேட்பார்கள். அந்தப் பூட்டு சொல்லுவதெல்லாம், நீங்கள் எந்த விலாசத்துக்குப் போனீர்களோ அந்த விலாசத்திலிருந்துதான் இது வந்தது, வழியில் எவனும் கை வைக்கவில்லை என்பது மட்டுமேயாகும். தபால்காரர் கடிதத்தைப் பிரிக்காமல் கொண்டுவந்து கொடுத்தார் என்பதற்கு அது அத்தாட்சி. கடிதம் எழுதினவன் யார் என்பதற்கு அத்தாட்சியல்ல. மோசக்காரனும் தன் வாசலுக்கு அந்தப் பூட்டைப் போட்டுக் கொள்ளலாம், இனாமாகவே கிடைக்கின்றது. கூகுள் கம்பெனியார் 2021 ல் விசாரித்ததில், பூட்டுப் படத்தின் சரியான அர்த்தம் தெரிந்தவர்கள் 100 க்கு 11 பேர்தான் என்று கண்டார்கள். பூட்டைப் பார்த்துவிட்டு "இது யோக்கியமான இடம்" என்று ஜனங்கள் ஏமாந்து போவதால், 2023 ல் தங்களுடைய குரோம் பிரவுசரிலிருந்து அந்தப் படத்தையே எடுத்துவிட்டார்கள்.

சரி, பேனாவால் போடும் கையெழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரசீதில் போட்டாலும் புரோநோட்டில் போட்டாலும் அது ஒரே மாதிரி இருக்கும். ஒரே மாதிரி இருப்பதால்தான் அது கையெழுத்து. ஒரே மாதிரி இருப்பதால்தான் பார்த்து எழுதவும் முடிகின்றது. அன்றியும், நூறு ரூபாய்க்கு நோட்டு எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பிறகு சாவகாசமாக ஒரு சைபரைச் சேர்க்கும் லேவாதேவிக்காரர்களை நீங்கள் பார்த்ததில்லையா? கையெழுத்து நிஜம், தொகை பொய். கையெழுத்து தாளின் அடியில் கிடக்கின்றதே ஒழிய, மேலே எழுதியிருக்கும் எழுத்துகளோடு அதற்கு ஒட்டுமில்லை, உறவுமில்லை.

டிஜிட்டல் கையொப்பம் என்பது இந்த இரண்டு குறையையும் போக்குவதற்காக ஏற்பட்டது. அதில் கோடும் இல்லை, சுழியும் இல்லை. அது ஒரு எண். எழுதியிருக்கும் விஷயத்தையும், எழுதினவரிடமுள்ள ஒரு ரகசிய எண்ணையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் வரும் எண். விஷயம் மாறினால் அது செல்லாது. ஆள் மாறினாலும் செல்லாது. இன்று ஒரு கட்டுரைக்குப் போட்ட கையொப்பத்தை நாளை வேறு கட்டுரைக்கு ஒட்ட முடியாது.

இது எப்படி என்றால், முதலில் கட்டுரை முழுவதையும், அது ஒரு பக்கமானாலும் ஆயிரம் பக்கமானாலும், செக்கில் போட்டு ஆட்டுவது போல ஒரு கணக்கில் போட்டு ஆட்டி, ஒரே ஒரு எண்ணாக்குகின்றார்கள். இன்று பெரும்பாலும் வழங்கும் ஷா-256 என்கின்ற முறையில் இந்த எண் 64 குறிகள் கொண்டதாக இருக்கும். கட்டுரையில் ஒரு கமாவை எடுத்தால் போதும், அநேகமாக எல்லாக் குறிகளும் வேறாகிவிடும். "போடாமல் இருக்க" என்பதைப் "போட" என்று கத்தரித்தவன், அந்த 64 குறியில் கையும் களவுமாக அகப்படுவான்.

இரண்டாவதாக, கையொப்பமிடுகிறவரிடம் இரண்டு சாவிகள் இருக்கும். ஒன்று ரகசியச் சாவி, மற்றொன்று பொதுச் சாவி. ரகசியச் சாவியால் போட்ட முத்திரையைப் பொதுச் சாவியைக் கொண்டு யாரும் சரிபார்க்கலாம். ஆனால் பொதுச் சாவியை வைத்துக்கொண்டு முத்திரை போட முடியாது. இப்படி இரண்டு சாவி இருக்கக்கூடும் என்று 1976 ல் அமெரிக்காவில் டிஃபி, ஹெல்மன் என்னும் இருவர் எழுதினார்கள். மறு வருஷமே ரிவெஸ்ட், ஷமீர், ஆடில்மன் என்னும் மூவர் அதைச் செய்து காட்டினார்கள். அவர்கள் பிடித்த சூட்சுமம் வெகு சாதாரணமானது. 53 ஐ 61 ஆல் பெருக்கச் சொன்னால் மளிகைக் கடைப் பையன்கூட 3,233 என்று சொல்லிவிடுவான். ஆனால் 3,233 ஐக் கொடுத்து, "இது எந்த இரண்டு எண்களைப் பெருக்கி வந்தது?" என்று கேட்டால் கணக்கு வாத்தியாரே சற்று நேரம் தலையைச் சொறிவார். போகும் வழி சுலபம், திரும்பும் வழி கஷ்டம். இன்று இம்முறையில் வழங்கும் சாவிகளில் அந்தப் பெருக்கல் விடை 600 இலக்கத்துக்கு மேற்பட்டது.

இவர்கள் இதை மூடி வைத்துக்கொள்ளவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். 1977 ல் 129 இலக்கமுள்ள ஒரு எண்ணைப் பத்திரிகையில் அச்சிட்டு, "இதை உடைப்பவருக்கு 100 டாலர்" என்று சவால் விட்டார்கள். 17 வருஷம் அது நின்றது. 1994 ல் பல தேசங்களிலிருந்து சுமார் 600 பேர் தங்கள் கம்ப்யூட்டர்களையெல்லாம் சேர்த்துப் பாடுபட்டு உடைத்தார்கள். உடனே யாராவது "தெய்வ நிந்தனை" என்று கூச்சல் போட்டார்களா? இல்லை; இன்னும் நீளமான எண்ணை வைத்துக்கொள்ள வேண்டுமென்று தெரிந்துகொண்டார்கள். அதே ரிவெஸ்ட் 1992 ல் வெளியிட்ட எம்.டி.5 என்கின்ற ஆட்டும் முறையை 2004 ல் வாங் சியாவோயுன் என்னும் சீனத்துப் பெண்மணியும் அவரது கூட்டாளிகளும் முறித்துக் காட்டினார்கள். எப்படியெனில், இரண்டு வெவ்வேறு விஷயங்களுக்கு ஒரே எண் வரும்படி செய்துவிட்டார்கள். பிறகு கையொப்பத்துக்கு அது லாயக்கில்லை என்று ஒதுக்கப்பட்டது. இப்போது, குவாண்டம் கம்ப்யூட்டர் என்று ஒன்று முழு வளர்ச்சி பெற்று வருமானால் மேற்படி பெருக்கல் கணக்கும் உடைந்துபோகும் என்று கண்டு, 2024 ஆகஸ்டில் அமெரிக்கத் தர நிர்ணய ஸ்தாபனத்தார் வேறு வகைக் கணக்கில் அமைந்த கையொப்ப முறைகளை முன்கூட்டியே வெளியிட்டிருக்கின்றார்கள். முறை ஊரறிய இருக்க வேண்டும், சாவி மட்டும்தான் ரகசியமாக இருக்க வேண்டும் என்று கெர்க்காஃப்ஸ் என்பவர் 1883 லேயே எழுதி வைத்தார். நம் நாட்டில் காதோடு காதாக ஓதி, "வெளியே சொன்னால் பலிக்காது" என்பார்களே, அதற்கும் இதற்கும் உள்ள தூரத்தை நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

இந்த வித்தை பொது ஜனங்கள் கைக்கு லேசில் வந்துவிடவில்லை. 1991 ல் பில் ஜிம்மர்மன் என்னும் அமெரிக்கர் பி.ஜி.பி. என்கின்ற புரோகிராமைச் செய்து, யார் வேண்டுமானாலும் உபயோகிக்கலாம் என்று விட்டார். அது எல்லை தாண்டிப் போனதால், ஆயுதத்தை உத்தரவில்லாமல் வெளிதேசத்துக்கு அனுப்பிய குற்றத்துக்கு அவரை உட்படுத்தலாமா என்று அந்த சர்க்கார் சுமார் மூன்று வருஷம் விசாரணை நடத்தியது. கணக்கு ஆயுதமாம்! 1996 ல் வழக்கில்லாமலே விசாரணையைக் கைவிட்டார்கள். இன்று அதே மாதிரியான புரோகிராம்கள் காசில்லாமல் கிடைக்கின்றன. நாம் உபயோகிப்பதும் அப்படிப்பட்ட ஒன்றுதான்.

நிற்க, இந்தக் கையொப்பத்தின் அருமையைத் தெரிந்துகொள்ள லண்டனில் நடந்த ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். பிட்காயின் என்னும் இணைய நாணயத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த நாணயம் நல்லதா கெட்டதா என்பது இன்றையப் பேச்சல்ல. நம்மைக் கேட்டால் பக்கத்தில் போகாதீர்கள் என்போம். அதைப் பற்றிய ஒன்பது பக்கக் கட்டுரை 2008 அக்டோபர் 31 ந் தேதி இணையத்தில் வெளியாயிற்று. எழுதினவர் பெயர் சடோஷி நகமோட்டோ என்று போட்டிருந்தது. அது புனைபெயர். ஆள் யாரென்று எவருக்கும் தெரியாது; 2011 வாக்கில் அவர் பேச்சுமூச்சில்லாமல் மறைந்துவிட்டார். ஆனால் அவருடைய பொதுச் சாவிகள் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி பதிவாகியிருக்கின்றன.

2016 மே மாதத்தில் கிரெய்க் ரைட் என்னும் ஆஸ்திரேலியர், "நான்தான் அந்த சடோஷி" என்று வெளிவந்தார். இதை நிரூபிக்க வேண்டுமானால் செய்ய வேண்டிய வேலை என்ன? "இன்று மே மாதம், வெயில் அடிக்கின்றது" என்று ஒரு வரி எழுதி, சடோஷியின் ரகசியச் சாவியால் கையொப்பமிட்டு வெளியே போட வேண்டியது. ஐந்து நிமிஷ வேலை. உலகத்தில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவன் எவனும் சரிபார்த்துக்கொள்வான். அவர் என்ன செய்தார் தெரியுமா? சார்த்தர் என்னும் பிரெஞ்சு ஆசிரியரின் எழுத்துக்குக் கையொப்பமிட்டதாகச் சொல்லி, மிக நீளமான விளக்கத்தோடு ஒரு எண்ணை வெளியிட்டார். சில மணி நேரத்துக்குள் அந்தத் துறை தெரிந்தவர்கள் அந்த எண்ணைத் தேடிப் பிடித்தார்கள். அது 2009 லேயே ஒரு பணமாற்றத்துக்காக சடோஷி போட்டு, எல்லோரும் பார்க்கப் பதிவாகியிருந்த பழைய கையொப்பம்! பழைய பத்திரத்திலுள்ள கைநாட்டை வெட்டிப் புதுப் பத்திரத்தில் ஒட்டின கதைதான். பேனாக் கையெழுத்தாயிருந்தால் ஒரு வேளை பலித்திருக்கும்.

அதற்கு முந்தின மாதம், சடோஷியோடு முன்பு கடிதப் போக்குவரத்து வைத்திருந்த கேவின் ஆண்ட்ரெசன் என்னும் நிபுணரை லண்டனில் ஒரு ஓட்டல் அறைக்கு வரவழைத்து, தனியே கையொப்பமிட்டுக் காட்டினார்களாம். அவரும் நம்பி, வெளியே வந்து சாட்சி சொன்னார். மூடிய அறையில் விபூதி வரவழைக்கும் சாமியார்களைப் பார்த்திருக்கின்ற நமக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. திறந்த வெளியில் செய் என்றால் "இன்று மனம் சரியில்லை" என்பார்கள். ரைட் அவர்களும் சில நாளில், தமக்கு அதற்குத் தைரியமில்லை என்று எழுதிவிட்டு ஒதுங்கினார். ஆண்ட்ரெசன், தாம் நம்பினது தவறு என்று 2023 ல் எழுதினார். நிபுணரே ஏமாந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கண்ணால் பார்த்ததை நம்பினார். தம் கம்ப்யூட்டரில் தாமே சரிபார்த்ததை நம்பவில்லை.

ஒதுங்கினவர் சும்மா இருந்தாரா? தம்மைப் போலி என்று சொன்னவர்கள் மீது மானநஷ்ட வழக்குப் போட்டார். அதில் ஒரு வழக்கில், பொய்ச் சாட்சியம் கொடுத்தார் என்பதற்காக 2022 ல் கோர்ட்டார் அவருக்குக் கொடுத்த நஷ்டஈடு ஒரே ஒரு பவுன். கடைசியில் லண்டன் ஹைகோர்ட்டில் 2024 பிப்ரவரியில் பெரிய விசாரணை நடந்தது. அவர் பெட்டி பெட்டியாகத் தஸ்தாவேஜிகள் தாக்கல் செய்தார். 2007 என்று தேதியிட்ட ஒரு கைக்குறிப்பு, அதற்குப் பிற்பாடுதான் அச்சாகி வந்த நோட்டுத் தாளில் எழுதப்பட்டிருந்தது என்று வெளிப்பட்டது. மார்ச் 14 ந் தேதி நீதிபதி மெல்லர், இவர் சடோஷி அல்ல என்று தீர்ப்பளித்தார். பின்னால் வந்த விரிவான தீர்ப்பில் தஸ்தாவேஜிகளை ஏராளமாக மோசடி செய்தாரென்றும் எழுதினார். பிறகும் அடங்காமல் வழக்குத் தொடுத்ததற்காக அவ்வருஷம் டிசம்பரில் அவருக்கு 12 மாதத் தண்டனை விதித்து, நிறுத்தி வைத்திருக்கின்றார்கள். எட்டு வருஷம், எத்தனை வக்கீல்கள், எவ்வளவு பணம்! இத்தனையும் அந்த ஐந்து நிமிஷ வேலையைச் செய்ய முடியாததால் வந்த வினை.

இனி, நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கின்றது. "பொதுச் சாவியைக் கொண்டு சரிபார்க்கலாம் என்கின்றாயே, அந்தப் பொதுச் சாவி உன்னுடையதுதான் என்பதற்கு என்ன ஆதாரம்? எவனாவது ஒரு ஜதைச் சாவி செய்து உன் பெயரை எழுதி விட்டால்?" சபாஷ்! இதுதான் இந்த விஷயத்தில் முள் இருக்கும் இடம். கணக்கு இதுவரை கொண்டுவந்து விடும்; இதற்கு மேல் மனிதன்தான் சாட்சி சொல்ல வேண்டும்.

சர்க்கார் வழி ஒன்றுண்டு. 2000 ஆம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி, லைசென்ஸ் பெற்ற ஸ்தாபனங்கள் ஆளை விசாரித்து, "இந்தச் சாவி இன்னாருடையது" என்று அத்தாட்சி கொடுக்கின்றன. உங்கள் ஆதார் அட்டையை இ-சேவை மையத்தில் இறக்கிப் பார்க்கும்போது, ஒரு மூலையில் மஞ்சளாகக் கேள்விக்குறி விழுந்து, கையொப்பம் சரிபார்க்கப்படவில்லை என்று இங்கிலீஷில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். போலி என்று அதற்கு அர்த்தமல்ல. அத்தாட்சி கொடுத்தவரை நம்பலாமா என்று அந்தக் கம்ப்யூட்டருக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை என்பதுதான் அர்த்தம். அதைவிட வேடிக்கை, அதைக் காகிதத்தில் அச்சடித்து "கையொப்பம் இருக்கின்றது பார்" என்று நீட்டுகின்றோமே, அதுதான். அச்சடித்தவுடன் அந்தக் கையொப்பம் செத்துப்போகின்றது. காகிதத்திலிருப்பது அதன் போட்டோ.

அத்தாட்சி கொடுப்பவனுக்கு அத்தாட்சி யார்? 2011 ல் ஹாலந்து தேசத்து டிஜிநோட்டார் என்னும் அத்தாட்சிக் கம்பெனிக்குள் திருடர் புகுந்து, கூகுள் முதலிய பெயர்களில் 500 க்கு மேற்பட்ட பொய் அத்தாட்சிகளை அடித்துக்கொண்டு போனார்கள். ஈரான் தேசத்து ஜனங்களின் கடிதங்களை ஒட்டுப் பார்க்க அவை உபயோகப்பட்டன. அவ்வருஷம் செப்டம்பரிலேயே அந்தக் கம்பெனி திவாலாயிற்று. நமது நாட்டிலும் 2014 ல் ஒரு சர்க்கார் அத்தாட்சி ஸ்தாபனத்திலிருந்து கூகுள் பெயரில் தப்பான அத்தாட்சிகள் வெளிவந்து, ரத்து செய்ய வேண்டியதாயிற்று. பெரிய பெயராயிருப்பதாலேயே நம்பிவிடக் கூடாது என்பது இங்கேயும் பொருந்தும்.

மற்றொரு வழி, நாம் கைக்கொண்டிருக்கும் வழி. நாம் உபயோகிக்கும் மாதிரியான பொதுச் சாவிக்குக் கைரேகை என்று சொல்லப்படும் 40 குறிகள் உண்டு. அதை ஒரே இடத்தில் போடாமல் பல இடத்தில் போட்டு வைப்பது. இணையத்திலும் போட்டிருக்கின்றோம், இந்தப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்திலும் மாதம் ஒரு முறை அச்சிடுகின்றோம், பேசப் போகும் கூட்டங்களிலெல்லாம் வாயாலும் சொல்லுகின்றோம். இணையப் பக்கத்தை மாற்றுகிறவன், ஊர் ஊராகப் போய் உங்கள் வீட்டு அலமாரியிலிருக்கும் பழைய பத்திரிகையை மாற்ற முடியுமா? உங்கள் காதில் விழுந்ததை மாற்ற முடியுமா? ஆயிரம் பேர் தனித்தனியே எழுதி வைத்திருக்கும் ஒன்றைப் பொய்யாக்குவது சுலபமல்ல.

சென்ற மாதம் ஒரு ஊரில் இதைச் சொன்னபோது முடிதிருத்தும் தோழர் ஒருவர் எழுந்து, "அப்படியானால் விவகாரமானதைக் கையொப்பமில்லாமல் எழுதிவிட்டு, நம்முடையதல்ல என்று தப்பித்துக்கொள்ளலாமே?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனெனில் அவர் சொன்னது உண்மை. கையொப்பம் "இது நான் எழுதினது" என்பதற்கு ஆதாரமே தவிர, "அது நான் எழுதாதது" என்பதற்கு ஆதாரமாகாது. அந்தத் திண்ணையில் அம்மாள் கேட்ட கேள்விக்கு நேர்ப் பதில் இன்றைக்கும் நம்மிடம் கிடையாது. நம்மால் முடிந்ததெல்லாம், இனி கையொப்பமில்லாமல் ஒரு வரியும் வெளியிடுவதில்லை என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டு, அதைப் பல வருஷம் தவறாமல் நடத்திக் காட்டுவதுதான். இதில் நமக்கு நஷ்டமும் உண்டு. கையொப்பமிட்டது தவறாகப் போனால், "பத்திரிகைக்காரன் மாற்றிவிட்டான்" என்று மற்றப் பேச்சாளர்கள் சொல்லும் சமாதானம் நமக்குக் கிடையாது.

சாவி திருட்டுப் போனால் என்ன என்றும் கேட்கலாம். போகும். கம்ப்யூட்டரில் வைத்திருப்பது எதுவும் திருட்டுப் போகக்கூடியதுதான். அப்போது "அந்தச் சாவி இனிச் செல்லாது" என்று முன்கூட்டியே தயாராக வைத்திருக்கும் ரத்துப் பத்திரத்தை வெளியிட வேண்டியது. நாம் அதை அச்சடித்து வேறொரு தோழர் வீட்டில் வைத்திருக்கின்றோம். அவர் வீட்டம்மாள் அதை வேண்டாத காகிதமென்று ஒரு முறை அடுப்புப் பற்றவைக்க எடுத்துவிட்டார் என்பது வேறு கதை.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லுவோம். கையொப்பம் சரியாயிருந்தால் எழுதியிருப்பதும் சரியாயிருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். பொய்யனும் தன் பொய்க்குச் சரியாகவே கையொப்பமிடலாம். நாமும் தவறலாம். யார் எழுதினது, எழுதினபடியே இருக்கின்றதா என்கின்ற இரண்டைத்தான் இந்தக் கணக்கு சொல்லும். ஊசி போடலாமா கூடாதா என்பதை டாக்டரிடமும், நோய் விவரங்களிடமும், உங்கள் புத்தியினிடமும்தான் கேட்க வேண்டும்.

எந்தப் பிரவுசரும் இன்று ஒரு பக்கத்தைத் திறந்தவுடனே எழுதினவரின் கையொப்பத்தைத் தானாகச் சரிபார்த்துச் சொல்லுவதாக இல்லை. வீட்டுக்கு வீடு செய்து பார்ப்பதும் இப்போதைக்கு நடவாத காரியம். ஆகவே, ஊருக்கு ஒரு இடத்தில் செய்தால் போதும் என்பது நமது அபிப்பிராயம். இந்த வாசகசாலைக் கம்ப்யூட்டரில் அதற்கான புரோகிராமை இன்று காலை ஏற்றியாகிவிட்டது. இங்குள்ள இளைஞர் இருவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கின்றோம். நமது பெயரில் எது வந்தாலும் இங்கே கொண்டுவந்து கேளுங்கள். அந்தக் கிராமத்துப் பள்ளிக்கூடத்திலும் இப்படி ஏற்பாடு செய்தோம். திருப்பி அனுப்பின மூன்று வீட்டில் இரண்டு வீட்டில் பிற்பாடு ஊசி போட்டுக்கொண்டார்கள். செல்போனை நம் முகத்துக்கு நேரே பிடித்த அந்த அம்மாள் வீட்டில் இன்னும் போடவில்லை. அடுத்த மாதம் மறுபடியும் போகின்றோம்.

இப்போது கைரேகையைப் படிக்கின்றோம். 40 குறிகள், நாலு நாலாகப் பத்துக் கூட்டம். 0 முதல் 9 வரையுள்ள எண்களும், இங்கிலீஷ் ஏ முதல் எஃப் வரையுள்ள எழுத்துகளும் கலந்து வரும். வாசல் பக்கம் நிற்பவர்களுக்குக் கேட்கின்றதா? பென்சில் இல்லாதவர்கள் வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்திலிருப்பவரைப் பார்த்து எழுதாதீர்கள். அவரவர் காதில் விழுந்ததை அவரவர் எழுதி, முடிந்த பிறகு ஒருவருக்கொருவர் ஒத்துப் பாருங்கள். மெதுவாகவே படிக்கின்றோம். முதல் கூட்டம்...